படகு கவிழ்வது துறையிலேயே தொடங்குகிறது

2009 செப்டம்பர் 30, மாலை நேரம். தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு சவாரி போய்க்கொண்டிருந்தது. ஓட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத படகு. கரையில் காட்டு விலங்குகள் தென்பட்டதும் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாக எழுந்து போனார்கள். படகு சாய்ந்தது, நிமிரவில்லை. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போனவர்கள் அவர்களில் பலர். அன்று புயல் இல்லை, வெள்ளம் இல்லை, படகு எதன்மீதும் மோதவில்லை. அரசு நிறுவனத்தின் புதுப் படகில் முறையாக டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் அவர்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'ஜனங்கள் ஒரு பக்கம் குவிந்ததால் கவிழ்ந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி இறந்தவர்கள்மீதே பழியைப் போடுகிறது. யானையும் காட்டெருமையும் பார்ப்பதற்கென்றே மக்களை அழைத்துப் போகும் படகு அது. விலங்கு தெரியும் பக்கம் மக்கள் திரும்புவார்கள் என்பது அந்தப் படகை வடிவமைத்தவருக்கும், சோதித்தவருக்கும், அனுமதி கொடுத்தவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பயணிகள் அனைவரும் ஒரு பக்கம் குவிந்தாலும் கப்பல் 10 பாகைக்கு மேல் சாயக் கூடாது என்பது பயணிகள் கப்பல்களுக்குச் சர்வதேச கடல்சார் அமைப்பு வகுத்திருக்கும் விதி. மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய விதி அது. ஏரியில் ஓடும் சுற்றுலாப் படகுக்கும் அதே நேர்மை வேண்டும்.

படகில் ஏறும் நமக்கு நிலைப்புத்தன்மைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எது படகை நிமிர்த்துகிறது, எது கவிழ்க்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால், துறையில் நின்றபடியே பல விஷயங்களைக் கண்டுகொள்ளலாம்.

உருண்டையான அடிகொண்ட தஞ்சாவூர்ப் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அதன் பாரம் முழுவதும் அடியில் இருக்கிறது. படகுக்கு இதோடு இன்னொரு துணையும் உண்டு. படகு வலப்பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து அடிப்பகுதி கூடுதலாக நீருக்குள் இறங்குகிறது. அங்கே நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை கூடி, படகைத் திரும்ப நிமிர்த்துகிறது. பாரம் தாழ்வாக இருக்கும்வரை இந்தத் தள்ளல் வென்றுவிடும். பாரம் மேலே ஏற ஏற, சாய்வின்போது அந்தப் பாரமும் சாய்ந்த பக்கமே நகர்ந்து கவிழ்க்கத் துணைபோகிறது. ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் நீரின் தள்ளல் தோற்றுவிடும். அதன் பிறகு சில நொடிகள்தான்.

லாரியில் ஏற்றும் மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். மனிதர்களைக் கட்ட முடியாது. சராசரி 60 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பது பேர் என்பது மூன்று டன். அந்த மூன்று டன் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தால் ஏற்கெனவே பாரம் உயரத்தில் இருக்கிறது. படம் எடுக்கப் பாதிப் பேர் எழுந்து கைப்பிடிக் கம்பியோரம் போனால் பாரம் உயர்வதோடு ஓரத்துக்கும் நகர்கிறது. படகின் அடியில் நீர் தேங்கியிருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும். இவற்றில் ஏதாவது ஒன்றை நல்ல படகு தாங்கிக்கொள்ளும். மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் செய்தி வருகிறது.

மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றும் வழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது. மீன்பிடிப் படகின் உடல், மீனும் பனிக்கட்டியும் வலையும் அடியறையில் இருக்கும் என்ற எண்ணத்தில் கட்டப்படுவது. அடியில் பாரம் இருந்தால்தான் அது கடலில் ஒழுங்காக நிற்கும். அந்த அடியறையைக் காலியாக விட்டுவிட்டு, மேலே ஒரு தளம் கட்டி, கூரை போட்டு, நாற்காலி அடுக்கி, விளக்குச் சரம் தொங்கவிட்டால் வெளியில் அழகான உல்லாசப் படகாகத் தெரியும். நீருக்கோ அது தலைகனத்த படகு.

2023 மே 7 ஞாயிற்றுக்கிழமை மாலை, மலப்புறம் மாவட்டம் தானூரில் தூவல்தீரம் கடற்கரையை ஒட்டிய கழிமுகத்தில் கவிழ்ந்தது அப்படி மாற்றப்பட்ட படகுதான். 22 பேரை ஏற்ற வேண்டிய படகில் 35 பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு கிளம்பிய சவாரி. இறந்தவர்கள் 22 பேர், அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். கோடை விடுமுறையின் ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு வந்தவர்கள். இருட்டில் மீனவர்களும் ஊர்க்காரர்களும் சிறு படகுகளில் போய்த்தான் பலரைக் கரைசேர்த்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை.

அந்தமானில் 2014 குடியரசு நாளன்று போர்ட் பிளேயர் அருகே 'அக்வா மரைன்' மூழ்கி 21 பேர் இறந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா போனவர்களே பெரும்பாலோர். அதிலும் 25 பேருக்கான படகில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள். வடோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அங்கும் அளவுக்கு மீறிய கூட்டம். பாதுகாப்பு உடை எல்லோருக்கும் தரப்படவில்லை. ஊர்ப் பெயரும் படகின் பெயரும்தான் மாறுகின்றன.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இழப்பீடு அறிவிக்கிறார்கள், விசாரணைக் குழு அமைக்கிறார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க நீதிபதி வேண்டாம், நிபுணர் வேண்டாம். துறையில் நிற்கும் ஒருவர் விரல்விட்டு எண்ணினால் போதும். எண்ணிக்கை தாண்டினால் கயிற்றை அவிழ்க்காமல் இருக்க அவருக்கு அதிகாரம் வேண்டும், அவ்வளவுதான். விடுமுறை நாளில் அந்த ஆளுக்குத்தான் நெருக்கடி அதிகம். வரிசை நீண்டிருக்கும், குடும்பத்தைப் பிரித்து ஏற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள், 'குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்' என்பார்கள். அரை டிக்கெட் குழந்தைகளையும் டிக்கெட்டே இல்லாத கைக்குழந்தைகளையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது நம் துறைகளில் சாதாரணம். நீருக்கு அரை டிக்கெட் கணக்கு கிடையாது. ஏழு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் என்றால் சுமார் இருநூறு கிலோ. அதுவும் ஓரிடத்தில் நில்லாமல் ஓடியாடும் சுமை.

ஆகவே, ஏறுவதற்கு முன் எண்ணுங்கள். படகின் பக்கத்தில் பதிவு எண்ணும் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். எழுதியில்லை என்றால் ஏறாதீர்கள். சிறு படகாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீர்மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையே எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது? விளிம்பிலிருந்து கையைத் தொங்கவிட்டால் விரல் நீரில் படும் அளவுக்குப் படகு இறங்கியிருந்தால், எதிரே விசைப்படகு ஒன்று வேகமாகக் கடந்துபோகும் அலையே அதற்குள் நீரைக் கொட்டப் போதும். துறையில் கட்டியிருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் படகு, ஓடும்போது நேராகிவிடாது. கடைசிச் சவாரிக்கு அவசரப்படாதீர்கள். இருட்டிய பிறகு நீரில் விழுந்தவரைத் தேடுவது பகலில் தேடுவதைவிடப் பல மடங்கு கடினம்.

லைஃப் ஜாக்கெட் விஷயம் இதற்கடுத்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளைத் தொகுத்து வெளியிடுகிறது. அதில் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் வருவது ஒன்று: மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். நீச்சல் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. அடிபட்டோ, பதறியோ, உடையோடு நீரில் விழுந்தவருக்குக் குளத்தில் கற்ற நீச்சல் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. சேலையும் துப்பட்டாவும் நனைந்ததும் கால்களைச் சுற்றிக்கொள்ளும். ஜீன்ஸ் கால்சட்டை கனக்கும். முதுகுப்பையின் வார் கையைக் கட்டிப்போடும்.

மனித உடல் நீரில் கிட்டத்தட்ட மிதக்கும் நிலையில்தான் இருக்கிறது. தலையை மேலே நிறுத்திவைக்கச் சில கிலோ எடைக்குச் சமமான தூக்குவிசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். மிதவை உடைகளை 50, 100, 150 நியூட்டன் என்று தரம் பிரிப்பது இதை வைத்துத்தான். 50 நியூட்டன் என்பது சுமார் 5 கிலோ தூக்குவிசை. கரைக்குப் பக்கத்தில், நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ளவற்றில் கழுத்துப் பட்டை இருக்கும். நினைவிழந்தவரைக்கூட முகம் மேலே இருக்கும்படி மல்லாத்திவிடும் வடிவமைப்பு அவற்றுடையது.

நம் படகு இல்லங்களில் கொடுக்கும் உடைகள் பல ஆண்டுகள் வெயிலில் காய்ந்து, பலர் உட்கார்ந்து நசுக்கி, நிறம் வெளுத்தவை. உள்ளே இருக்கும் நுரை நசுங்கித் தட்டையாகியிருந்தால் தூக்குவிசையும் குறைந்திருக்கும். கொக்கி உடைந்து நாடாவை முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் வேறு கேளுங்கள். அணிந்த பிறகு எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, நாடாக்களை இழுத்து இறுக்கி, பக்கத்தில் இருப்பவரை உங்கள் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உடை காதுவரை ஏறி வந்தால் நீரிலும் அப்படியே கழன்று மேலே போய்விடும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் உடையை மாட்டிவிடுவது, எதுவும் மாட்டாததைவிடக் கொஞ்சம்தான் மேல். நீரில் விழுந்ததும் பிள்ளை அதற்குள்ளிருந்து வழுக்கிக் கீழே போய்விடும். குழந்தைக்கான உடையில் இரு கால்களுக்கும் இடையே போகும் நாடா இருக்க வேண்டும். அந்த அளவு உடை துறையில் இல்லை என்றால் அன்று அந்தக் குழந்தைக்குப் படகு வேண்டாம். அழும், அழட்டும்.

இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் ஜாக்கெட்டால் பயனில்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் எலிபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' படகின்மீது கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் இறந்தபோது, உடையைத் தேடி எடுத்து அணியப் பலருக்கு அவகாசம் கிடைத்திருக்காது.

மூடிய கீழ்த்தளம் உள்ள படகில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை யாரும் பயணிகளுக்குச் சொல்வதில்லை. படகு தலைகீழானால் அறைக்குள் நீர் நிரம்பும். உங்களை மேலே தூக்கும் அதே நுரை, உங்களை அந்த அறையின் மேற்பகுதியோடு சேர்த்து அழுத்தி வைத்துவிடும். முங்கி வெளியே வருவது கடினம். இதனால் ஜாக்கெட் வேண்டாம் என்றாகிவிடாது. நீரில் விழுந்தவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. உட்காரும் இடம் முக்கியம் என்பதுதான் இதன் பொருள். திறந்த பக்கங்கள் உள்ள படகைத் தேர்ந்தெடுங்கள். கீழ்த்தளம்தான் கிடைத்தது என்றால் வாசலுக்கோ திறந்த ஜன்னலுக்கோ அருகில் உட்காருங்கள். குளிர்சாதன வசதிக்காகக் கண்ணாடியை முற்றிலும் அடைத்து, ஒரே வாசல் வைத்திருக்கும் படகுகள் இப்போது பெருகிவருகின்றன. சொகுசு என்று விற்கப்படும் அந்த வடிவமைப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஏரியில் படகைப் பற்றிக் கவலைப்பட்டால் ஆற்றில் நீரைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் அனைவரும் பிலிகுண்டுலு என்ற பெயரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அங்கே அளக்கிறது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறக்கும் நீர் இங்கே வந்துசேரும்போது, ஒகேனக்கல்லில் வானம் தெளிவாக, வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். நீர்வரத்து உயர்ந்தால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது. ஊரிலிருந்து அத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று பரிசல் ஓட்டியிடம் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் பணம் நீட்டுகிறவர்களும் உண்டு. விநாடிக்கு 10,000 கனஅடி என்றால் நொடிக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் நீர். ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எத்தனை அனுபவசாலியின் துடுப்பும் அதோடு வாதாட முடியாது.

பரிசல் தன்னளவில் மோசமான கலம் இல்லை. அகலமான வட்ட அடியும் குறைந்த ஆழமும் அதைப் பாறைகளுக்கிடையே புகுந்துவரச் செய்கின்றன. அதன் பலவீனம் அதில் இருப்பவர்கள் எழுந்து நிற்பதுதான். பரிசல் ஓட்டி யாரை எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கேயே உட்காருங்கள். அவர் எடை பார்த்துத்தான் சொல்கிறார். செல்பிக்காக இடம் மாறச் சொல்லி அவரை நச்சரிக்காதீர்கள்.

கோதாவரியில் 2019 செப்டம்பர் 15 அன்று பாப்பிகொண்டலு மலைகளைப் பார்க்கப் போன படகு, கச்சுலூரு அருகே வெள்ளத்தில் கவிழ்ந்தது. ஆறு பெருகி ஓடிய நாள்களில் எழுபதுக்கும் அதிகமானோரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய படகு அது. மலைகள் நெருங்கிவரும் இடத்தில் ஆறு குறுகி, ஆழமாகி, வேகமும் சுழலும் கூடும். கரையோரக் கிராமத்தினர் பாய்ந்து போனதால்தான் பிழைத்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆறோ ஏரியோ கடலைச் சந்திக்கும் முகத்துவாரம் இன்னும் நம்ப முடியாத இடம். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளன்று குடும்பமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெளியேறும் ஏரி நீரும் உள்ளே வரும் கடல் அலையும் மோதுமிடத்தில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். மீனவர் அந்த இடத்தைக் கடக்க நேரம் பார்ப்பார், ஏற்ற இறக்கம் பார்ப்பார். தன் பழக்கமான ஆட்களோடு கடப்பார். அதே படகில் அதே மீனவர், நீரைப் பார்த்தறியாத இருபது பேரை வைத்துக்கொண்டு கடப்பது முற்றிலும் வேறு காரியம். அந்த விபத்துக்குப் பின் பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை மட்டும் போட்டால் ஆசை நின்றுவிடாது, வருமானத் தேவையும் நின்றுவிடாது. சவாரி கண்காணிப்பில்லாத துறைக்கு இடம்பெயரும். மீனவர்களுக்குப் பயிற்சியும் தகுந்த படகும் உடைகளும் கொடுத்து, முகத்துவாரத்துக்குப் போகாத பாதையை வகுத்து, முறையாக நடத்த விடுவதுதான் சரி என்பது என் எண்ணம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுநர் சான்றிதழ், காப்பீடு எல்லாம் அதில் இருக்கின்றன. துடுப்புப் படகுகளை உள்ளாட்சி அமைப்புகள் பதிவுசெய்யவும் அது வழிசெய்கிறது. பள்ளியிலிருந்து சுற்றுலாச் சம்மதப் படிவம் வந்தால் பெற்றோர் கேட்க வேண்டியவை இவைதான்: படகுச் சவாரி உண்டா, எந்தத் துறையில், படகுக்கு நடப்பு ஆண்டின் தகுதிச் சான்று இருக்கிறதா, பிள்ளைகளின் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா. பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

மது அருந்திவிட்டுப் படகில் ஏறாதீர்கள், படகு ஓட்டுபவர் குடித்திருந்தால் இறங்கிவிடுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எல்லாவற்றையும் மீறி யாரேனும் நீரில் விழுந்துவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதும் இல்லை. வாய் நீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும். கைகள் தாமாகவே நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு விளையாடுவதுபோலத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் அவர் கீழே போய்விடலாம். அவரைத் தேடி நீங்களும் குதித்தால் இரண்டு உயிரும் போகலாம். பதற்றத்தில் அவர் உங்கள்மீது ஏறி நிற்கப் பார்ப்பார். மிதவை வளையம், கயிறு, துடுப்பு, மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம், எது கையில் கிடைக்கிறதோ அதை எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். படகு கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். நம்பி நீந்த வேண்டாம்.

கரைசேர்த்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. இரண்டும் தவறு. வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும். விலைமதிப்பற்ற நிமிடங்களும் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையைச் சற்று உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய்வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. பிறகு மார்பின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று 108 வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள். நீரைக் குடித்து, இருமி, எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நுரையீரலுக்குள் போன சிறிதளவு நீரும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். அன்று இரவு அவர் மருத்துவர் கண்ணில் இருக்க வேண்டும்.